லினக்சுக்கு ஏற்ற மடிக்கணினி: ஒரு பொருத்தத்தின் வரலாறு

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்பவர்கள், ஏதோ ஒரு மகானின் காலடி அங்கே பதிந்திருக்கும் என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். அவர் காலத்தில், திருவொற்றியூருக்குச் சற்றுத் தெற்கே நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டது. ஆளுநரின் பெயரால் அது 'காலட் பேட்டை' என வழங்கியது. அந்த ஆங்கிலப் பெயர் தமிழ் நாவில் நெடுநாள் தங்கவில்லை. மருவி மருவிக் 'காலடி' ஆயிற்று. இன்று மெட்ரோ இரயில் நிலையத்தின் பலகையிலும் அப்பெயரே காணப்படுகிறது.

அந்நாளைய நெசவாளரின் தறியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அச்சு, விழுது, நாடா என்று அதன் உறுப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஓர் உறுப்பு உடைந்தால் உள்ளூர்த் தச்சர் அதைப் பார்த்து, அதே அளவில் வேறொன்று செய்து தருவார். தறியைச் செய்தவர் யார், அவர் இசைவு தருவாரா என்ற கேள்விக்கே இடமில்லை. கருவியின் அமைப்பில் மறைவு ஏதும் இல்லாததால், புதிய உறுப்பு பழைய தறியோடு பொருந்தியது.

அதே ஊரில் இன்று மாணவர்களின் கையில் இருக்கும் கருவி மடிக்கணினி. அதைப்பற்றிய கேள்வியும் ஒருவகையில் பொருத்தம் பற்றியதே: "இந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஒழுங்காக ஓடுமா?" கடைக்காரரிடம் கேட்டால் "ஓடும்" என்பார், நண்பரைக் கேட்டால் "வைஃபை வராது" என்பார். இருவர் சொல்வதும் சில வேளைகளில் உண்மையாக இருக்கும். ஏன் இப்படி? விடை காண, ஏறத்தாழ 45 ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இக்கேள்வி பொழுதுபோக்குக்கானது அன்று. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பழைய செயலிகள் உள்ள கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள பல மடிக்கணினிகள் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்றி நிற்கின்றன. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற உழைக்கும் மக்களின் பகுதிகளில், அண்ணன் படித்த மடிக்கணினியில்தான் தங்கையும் படிக்க வேண்டியிருக்கும். அந்தக் கருவி இன்னும் ஐந்தாண்டு உழைக்குமா, பழைய இரும்புக்குப் போகுமா என்பது இந்தப் பொருத்தத்தைச் சார்ந்திருக்கிறது.

இயக்கி நிரல் என்பது யாது?

கணினியில் நாம் காணும் செயலிகள் எதுவும் வன்பொருளோடு நேரே பேசுவதில்லை. இடையில் இயங்குதளம் இருக்கிறது. அதன் நடுவில் உள்ள பகுதிக்குக் கெர்னல், அதாவது கரு, என்று பெயர். லினக்ஸ் என்பது உண்மையில் இந்தக் கருவின் பெயரே. ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி மொழி உண்டு. "இந்த முகவரியில் இந்த எண்ணை எழுதினால் ஒலி எழும்; அந்த எண்ணை எழுதினால் ஒலி நிற்கும்" என்பது போன்ற விதிகளே அம்மொழி. அவ்விதிகளை அறிந்து கருவுக்கும் சில்லுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் நிரலை 'டிரைவர்' என்கிறோம். தமிழில் இயக்கி நிரல் எனலாம்.

ஒரு சில்லின் விதிகளை அதைச் செய்த நிறுவனம் வெளியிட்டால் எவரும் இயக்கி எழுதலாம். வெளியிடாவிட்டால் இரண்டே வழிகள்: நிறுவனமே எழுதித் தர வேண்டும், அல்லது யாரேனும் அச்சில்லின் நடத்தையைப் பொறுமையாகக் கவனித்து, விதிகளைத் தாமாகவே ஊகித்து எழுத வேண்டும். லினக்ஸுக்கும் மடிக்கணினிக்கும் உள்ள உறவின் வரலாறு முழுவதும் இம்மூன்று வழிகளின் வரலாறேயாகும்.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது ஓர் அச்சுப்பொறி. 1980ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்குச் செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அங்கே பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், சிக்கல் நேர்ந்தவுடன் பயனருக்குச் செய்தி அனுப்பும் வகையில் நிரலைத் திருத்த விரும்பினார். முந்திய அச்சுப்பொறிக்கு அவர் அப்படிச் செய்திருந்தார். புதிய பொறியின் மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரும், வெளியிடுவதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டிருந்ததால் தர மறுத்தார். கண்ணெதிரே இருக்கும் கருவியைத் திருத்தும் உரிமை நமக்கில்லை என்பது ஸ்டால்மன் மனத்தை உறுத்தியது. 1983 செப்டம்பர் 27 அன்று அவர் 'குனு' என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஒரே ஒரு கணினிக்காகப் பிறந்த கரு

குனு திட்டத்தில் பல கருவிகள் உருவாயின. கரு மட்டும் தாமதப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியவர் பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991இன் தொடக்கத்தில் இன்டெல் 386 செயலி கொண்ட கணினி ஒன்றைத் தவணைமுறையில் வாங்கி, அதில் தம் கருவை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 25 அன்று அவர் வெளியிட்ட அறிவிப்பில் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. இந்த இயங்குதளம் ஏடி வகை வன்தட்டைத் தவிர வேறெதனோடும் ஒருகாலும் இயங்காது, தம்மிடம் இருப்பது அது ஒன்றே, என்பது அதன் கருத்து.

ஆக, லினக்ஸ் தோன்றியபோது அது உலகத்தில் ஒரேயொரு கணினிக்கு மட்டும் முழுமையாகப் பொருந்தியது. பிறகு நடந்தது வியப்புக்குரியது. மூலநிரல் திறந்திருந்ததால், வேறு வன்தட்டு வைத்திருந்தவர் அதற்கான இயக்கியைத் தாமே எழுதிச் சேர்த்தார். வேறு ஒலி அட்டை வைத்திருந்தவர் அதற்கு எழுதினார். தம்மிடம் இருந்த கருவிக்காக ஒவ்வொருவரும் எழுதிய நிரல், அதே கருவி வைத்திருந்த அனைவருக்கும் பயன்பட்டது. இன்று லினக்ஸ் கருவின் நிரல்வரிகளில் பெரும்பகுதி இயக்கிகளே.

மேசைக்கணினி ஏற்றது, மடிக்கணினி தயங்கியது

1990களில் மேசைக்கணினிக்கு இந்த முறை நன்கு பயன்பட்டது. ஓர் அட்டை ஒத்துவராவிட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் மாற்று அட்டை கிடைக்கும். மடிக்கணினியில் அந்த வசதி இல்லை. அதன் திரைச் சில்லும் ஒலிச் சில்லும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று பொருந்தாவிட்டாலும் முழுக் கருவியுமே குறைபட்டதாகிவிடும். எனவேதான் மடிக்கணினியைப் பொறுத்தவரை 'வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் ஆபத்தானது.

முதலில் தொல்லை கொடுத்தது மோடம். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை அடைந்த காலம் அது. முழுமையான மோடம், எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் வேலையைத் தானே செய்யும். செலவைக் குறைக்க விரும்பிய நிறுவனங்கள் அந்த வேலையைக் கணினியின் செயலியிடம் தள்ளிவிட்டு, அதற்கான நிரலை விண்டோஸுக்கு மட்டும் எழுதின. லினக்ஸைப் பொறுத்தவரை, மடிக்கணினிக்குள் இருந்த அந்த மோடம் வெறும் உலோகத் துண்டாகக் கிடந்தது.

அடுத்த தொல்லை உறக்கம். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது உறங்க வேண்டும். திறந்தால் விழிக்க வேண்டும். இதற்கான பொது விதித்தொகுப்பான 'ஏசிபிஐ'யை இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகியவை 1996இல் வெளியிட்டன. ஆனால் விதியை ஒவ்வொரு மடிக்கணினியின் பயாஸிலும் எழுதியவர்கள், தாங்கள் எழுதியதை விண்டோஸில் மட்டுமே சோதித்தார்கள். விண்டோஸில் வேலை செய்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. விளைவு: சில மடிக்கணினிகள் லினக்ஸில் உறங்கின, விழிக்கவில்லை. லினக்ஸ் உருவாக்குநர்கள் கண்ட தீர்வு சுவையானது. "நீ எந்த இயங்குதளம்?" என்று பயாஸ் கேட்கும்போது, லினக்ஸ் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது. நன்கு சோதிக்கப்பட்ட பாதை அதுதான் என்பதால் இந்த வேடம் இன்றுவரை தொடர்கிறது.

கம்பியில்லா இணைப்பும் திரைச் சில்லும்

2003 மார்ச்சில் இன்டெல் 'சென்ட்ரினோ' என்ற பெயரில் வைஃபை சில்லோடு கூடிய மடிக்கணினி அமைப்பை அறிமுகம் செய்தது. அப்போது அதற்கு லினக்ஸ் இயக்கி இல்லை. பயனர்கள் வற்புறுத்தினர். 2004இல் இன்டெல்லே திறந்த மூலநிரலாக இயக்கியை வெளியிட்டது. அதன்பின் அந்நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் லினக்ஸ் பயனர்களின் நம்பிக்கையைப் பெற்றன.

பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகளுக்கு வேறு கதி. விதிகள் வெளியிடப்படாததால், தன்னார்வலர்கள் சில்லின் நடத்தையை ஆராய்ந்து, விதிகளைத் தாமே எழுதிவைத்து, அவற்றைக் கொண்டு இயக்கி உருவாக்கினார்கள். அது 2006இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. நிறுவனம் தானாகத் திறந்த இயக்கி ஒன்றை வெளியிட்டது 2010இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சில்லுள்ள மடிக்கணினியை வாங்கியவர்கள் இணையத்தில் சேரவே பெரும்பாடு பட்டனர். "லினக்ஸில் வைஃபை வராது" என்ற பேச்சு பெரும்பாலும் அந்நாளின் எச்சமே.

திரைச் சில்லிலும் இதே பிரிவினை. ஏடிஐ நிறுவனத்தை 2006இல் வாங்கிய ஏஎம்டி, 2007இல் தன் திரைச் சில்லுகளின் விவரங்களை வெளியிட முன்வந்தது. இன்டெல்லும் திறந்த வழியையே கொண்டது. என்விடியா நெடுங்காலம் மூடிய இயக்கியை மட்டும் தந்துவந்தது; 2022 மே மாதத்தில்தான், புதிய சில்லுகளுக்கான கருப்பகுதி இயக்கியின் மூலநிரலைத் திறந்தது.

இம்மூன்று கதைகளிலிருந்தும் பெறப்படும் உண்மை ஒன்று. மடிக்கணினியின் வேகமோ விலையோ பொருத்தத்தை உறுதி செய்வதில்லை. அதிக விலையுள்ள விளையாட்டு மடிக்கணினி தொல்லை தரலாம். எளிய அலுவலக மடிக்கணினி பிசகின்றி ஓடலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சில்லின் விதியும் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

தொழிற்சாலையிலேயே லினக்ஸ் ஏற்றினால்?

உற்பத்தியாளரே லினக்ஸை ஏற்றி விற்றால், பொருந்தும் சில்லுகளைத் தேடும் பொறுப்பு அவரிடம் போய்விடுகிறது. இதற்கு இந்தியாவிலேயே முன்னோடி உண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து பெங்களூரில் உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணினி லினக்ஸில் ஓடியது. வணிகத்தில் அது பரவாவிட்டாலும், லினக்ஸை மனத்தில் கொண்டே வன்பொருளை வடிவமைக்கலாம் என்று காட்டியது.

2007இல் தைவானின் ஏசுஸ் நிறுவனம், 7 அங்குலத் திரையுள்ள 'ஈ பிசி' என்ற சிறு மடிக்கணினியை லினக்ஸோடு விற்றது. அதே ஆண்டில் டெல் நிறுவனம் உபுண்டு லினக்ஸ் ஏற்றிய கணினிகளை விற்கத் தொடங்கியது. 2020இல் லெனோவாவின் திங்க்பேட் வரிசையில் சில மாடல்கள் ஃபெடோரா லினக்ஸோடு வெளிவந்தன. அலுவலகத்துக்கென வடிவமைக்கப்பட்ட இத்தகைய வரிசைகளில் நெடுநாளாகவே லினக்ஸ் நன்கு இயங்கிவருகிறது. கருவை உருவாக்கும் பொறியாளர் பலர் அவற்றையே பயன்படுத்துவதும் அதற்குக் காரணம் எனலாம். எழுதுபவர் கையில் எது இருக்கிறதோ அதற்கே முதலில் இயக்கி பிறக்கும். டோர்வால்ட்ஸின் வன்தட்டுக்கு நேர்ந்ததும் அதுவே.

தமிழ்நாட்டு அனுபவம்

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் தனி இடம் உண்டு. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான 'எல்காட்', சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006-07இல் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல், சென்னையில் உள்ள சி-டாக் மையத்தின் முயற்சியால் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் வெளியிடப்பட்டது. டெபியன் என்னும் உலகளாவிய லினக்ஸ் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது அது.

2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கென மட்டும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் அவை வழங்கப்பட்டன. விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் அவற்றில் ஏற்றப்பட்டிருந்தன.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். ஒரு தனி மனிதர் கடையில் நின்று "இதற்கு லினக்ஸ் இயக்கி உண்டா?" என்று கேட்டால் உற்பத்தியாளர் காதில் விழாது. இலட்சக்கணக்கில் வாங்கும் அரசு, "லினக்ஸும் இதில் ஓட வேண்டும்" என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி எழுதினால், பொருந்தாத சில்லைப் போட்டு எவரும் விற்க முடியாது. அந்த மடிக்கணினிகளைப் பெற்ற மாணவர்களில் பலர் லினக்ஸை ஒருநாளும் திறந்து பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆயினும் பிற்காலத்தில் அதே கருவியில் லினக்ஸை நிறுவ முயன்றவர்களுக்கு அந்த ஒரு வரி வழியமைத்துக் கொடுத்தது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுக்கு வந்தபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. ஆனால் கருவியில் பொருத்தம் இருந்தால் மட்டும் போதாது. கற்பிப்பவரிடமும் அது வேண்டும். அண்டை மாநிலமான கேரளம் இதை முன்பே உணர்ந்தது. அங்கே பள்ளித் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களும் ஆசிரியர் பயிற்சியும் கட்டற்ற மென்பொருளைச் சார்ந்தே அமைக்கப்பட்டன. மாணவர் வகுப்பில் கற்றது லினக்ஸ் என்பதால், அது அவருக்கு அயலாகத் தோன்றவில்லை.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிக் கருவிகள் வழங்கப்படும் என அறிவித்தது. எனவே பொருத்தம் பற்றிய அறிவு மாணவர்களுக்கு மீண்டும் தேவைப்படுகிறது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். புதியதும் பழையதுமாக மடிக்கணினிகள் அங்கே குவிந்திருக்கும். மேலே கண்ட வரலாற்றை நினைவில் கொண்டால் தேர்வு எளிதாகும்.

முதலாவது, வைஃபை சில்லைக் கேளுங்கள். இன்டெல் சில்லாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வேறு நிறுவனச் சில்லாயின், அந்தச் சில்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்று தேடிப் பாருங்கள். மடிக்கணினியின் மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே பெயரில் விற்கப்படும் இரு மடிக்கணினிகளில் வெவ்வேறு வைஃபை சில்லுகள் இருப்பதுண்டு.

இரண்டாவது, திரைச் சில்லு. படிப்புக்கும் நிரல் எழுதுவதற்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியோடு இணைந்து வரும் திரைச் சில்லே போதும். தனி என்விடியா சில்லும் லினக்ஸில் இயங்கும்; ஆனால் கூடுதல் இயக்கியும் சற்றுப் பொறுமையும் வேண்டும்.

மூன்றாவது, மாடலின் வயது. நேற்று வெளிவந்த மாடலின் சில்லுகளுக்கு இயக்கி இன்னும் கருவில் சேராமல் இருக்கலாம். சந்தைக்கு வந்து ஓராண்டு ஆன மாடல் பெரும்பாலும் நிதானப்பட்டிருக்கும். இன்டெல், ஏஎம்டி அல்லாத ஏஆர்எம் வகைச் செயலியுள்ள புதிய மடிக்கணினிகளில் லினக்ஸ் ஆதரவு மாடலுக்கு மாடல் வேறுபடும். முதன்முறை நிறுவுவோர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, சோதனை. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. 2000ஆம் ஆண்டில் செர்மனியின் கிளாஸ் க்னாப்பர் 'க்னாப்பிக்ஸ்' என்னும் லினக்ஸை வெளியிட்டார். வன்தட்டில் எதையும் நிறுவாமல், குறுந்தட்டிலிருந்தே அது முழுமையாக ஓடியது. இன்று உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற பலவும் யுஎஸ்பி நினைவுக்கோலிலிருந்து அவ்வாறே ஓடக்கூடியவை. கடைக்காரர் இசைந்தால் நினைவுக்கோலைச் செருகி, கணினியைத் தொடங்கி, பத்து நிமிடம் பாருங்கள். வைஃபை இணைகிறதா? ஒலி எழுகிறதா? ஒளிப்படக்கருவி, தொடுபலகை, திரை வெளிச்சப் பொத்தான் வேலை செய்கின்றனவா? மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா? கைரேகைப் பொறி இயங்காவிட்டால் பெரிய இழப்பில்லை. வைஃபை இயங்காவிட்டால் வேறு மடிக்கணினியைப் பாருங்கள்.

சில இன்டெல் மடிக்கணினிகளில் லினக்ஸ் தொடங்கும், ஆனால் உள்ளிருக்கும் தட்டு அதன் கண்ணுக்குத் தெரியாது. தட்டு 'ரெய்டு' முறையில் வைக்கப்பட்டிருப்பதே காரணமாக இருக்கலாம். பயாஸில் அதை 'ஏஎச்சிஐ' முறைக்கு மாற்றினால் தெரியும். அப்படி மாற்றினால் முன்பிருந்த விண்டோஸ் தொடங்க மறுக்கக்கூடும். ஆகவே கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே அதில் கை வையுங்கள்.

தமிழையும் சோதிக்க மறவாதீர்கள். தமிழ் எழுத்துகள் 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை முறை லினக்ஸிலும் உண்டு. அதைத் தெரிவுசெய்து 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தின் கொம்பு முன்னும் கால் பின்னும் சரியாக அமைந்தால், எழுத்துருவும் அதைத் திரையில் அடுக்கும் நிரலும் ஒழுங்காக உள்ளன என்று கொள்ளலாம்.

பழைய மடிக்கணினிக்குப் புது வாழ்வு

புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள், வீட்டில் கிடக்கும் அரசு மடிக்கணினியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. வன்பொருள் வயதானால் லினக்ஸில் ஒரு நன்மை உண்டு: அதற்கான இயக்கி கருவில் சேர்ந்து, பலரால் சோதிக்கப்பட்டு, முதிர்ந்திருக்கும். முன்பெல்லாம் வைஃபை சில்லுக்கான நுண்நிரல் கோப்பைத் தனியே தேடி ஏற்ற வேண்டியிருந்தது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல், அக்கோப்புகள் நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

சுழலும் வன்தட்டை நீக்கி 'எஸ்எஸ்டி' என்னும் திடநிலைத் தட்டைப் பொருத்தினால் வேகம் வெகுவாகக் கூடும். நினைவகம் 2 ஜிபி மட்டும் இருந்தால், இடமிருக்குமாயின் 4 ஜிபி ஆக்குவது நலம். மேசைச் சூழலில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளியவற்றைத் தெரிவுசெய்ய வேண்டும். மிகப் பழைய 32 பிட் செயலியாயின் கவனம் தேவை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அவற்றில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. லினக்ஸுக்கும் எல்லை உண்டு; எனினும் அவ்வெல்லை மிகத் தள்ளி இருக்கிறது.

காலட் ஆளுநர் கட்டிய பேட்டையில் நெசவாளர் தம் தறியைத் தாமே அறிந்திருந்தார்கள். ஆகவே அதைப் பழுதுபார்த்துப் பல ஆண்டு உழைக்க வைக்க முடிந்தது. மடிக்கணினியின் உள்ளுறுப்புகளை நாம் கண்ணால் காண முடியாது. அவற்றின் விதிகள் வெளியிடப்பட்டிருந்தால், காணாத அந்த உறுப்புகளையும் உலகின் ஏதோ ஒரு மூலையில் உள்ளவர் நமக்காகச் சீராக்கித் தருகிறார். மறைக்கப்பட்டிருந்தால், செய்த நிறுவனம் கைவிடும் நாளே அக்கருவியின் கடைசி நாளாகிவிடும். மடிக்கணினி வாங்கச் செல்லும் மாணவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன், பத்து நிமிடம் நினைவுக்கோலைச் செருகிப் பார்ப்பது இதனால்தான் பயனுள்ளது.